புது மருந்து சீனியைக் கூட்டுமா? குளிசையை நிறுத்துவதற்கு முதல் செய்ய வேண்டியவை

போன வருடம் எங்கள் வீட்டில் ஒரே காலத்தில் இரண்டு பிழைகள் நடந்தன. அம்மாவுக்குத் தோலில் கொப்புளம் போடும் வருத்தத்துக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைத் தொடங்கினார்கள். அது இரத்தத்தில் சீனியை ஏற்றும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டட்டின் வகை மருந்தான அட்டோவாஸ்டட்டின் கொடுத்தார்கள். அதைப் போட்டால் சீனி வருத்தம் (நீரிழிவு) வரும் என்று கனடாவில் இருக்கும் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்ப, அப்பா ஒருவரிடமும் சொல்லாமல் நான்கு மாதம் குளிசையை விட்டுவிட்டார். கவனிக்க வேண்டிய மருந்தைக் கவனிக்காமல் இருந்தோம். விடக்கூடாத மருந்தை விட்டோம்.

இரண்டையும் சரிப்படுத்த எங்களுக்கு ஏழு மாதம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருக்கும் கோண்டாவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் எத்தனை தரம் ஓட்டோவில் போனோம் என்று கணக்கில்லை. நான் டொக்டர் இல்லை. எந்த மருந்தைக் கூட்டுவது, குறைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. டொக்டருக்கு முன்னால் இருக்கும் அந்த மூன்று நிமிடத்துக்கு எப்படி ஆயத்தமாகப் போவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

1. மருந்தின் உண்மையான பெயரைக் கண்டுபிடியுங்கள்

கிளினிக்கில் மருந்தைச் சின்னக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு போத்தலில் கொட்டிவிட்டுப் பையை எறிந்துவிடுவது எங்கள் வழக்கம். இன்றோடு அதை நிறுத்துங்கள். "வெள்ளைக் குளிசை", "இரவுக் குளிசை" என்று சொல்லிக்கொண்டு போனால் எந்த டொக்டராலும் உதவ முடியாது.

பார்மசியில் வாங்கினால் பெட்டியில் இரண்டு பெயர் இருக்கும். பெரிதாக இருப்பது கொம்பனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதையும் மில்லிகிராம் அளவையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். தொடங்கிய திகதியும் வேண்டும். எங்களிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வியே "எப்ப தொடங்கினது?" என்பதுதான். அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சீனியைக் கூட்டக்கூடியவை என்று நன்றாகத் தெரிந்த மருந்துகள் இவை: பிரெட்னிசோலோன், டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட்டுகள், மனநல வருத்தங்களுக்குக் கொடுக்கும் ஒலான்சபின், குளோசபின், கொலஸ்ட்ரோலுக்கான ஸ்டட்டின் வகை, பிரஷருக்கான ஹைட்ரோகுளோரோதயசைட், அட்டெனோலோல், சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் டக்ரோலிமஸ். ஒரே பட்டியலில் இருப்பதால் எல்லாம் ஒரே அளவு கூட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்டீரொயிட் சில நாட்களிலேயே சீனியை நூற்றுக்கணக்கில் ஏற்றிவிடலாம். ஸ்டட்டின் ஏற்றுவது மிகச் சிறிதளவு. பிரஷர் மருந்துகளும் பெரும்பாலும் அப்படித்தான். லொசார்டன் போன்ற வேறு வகைகள் இருப்பதால், சீனி எல்லையில் நிற்பவர்கள் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பெட்டிக்குள் இருக்கும் துண்டு ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதில் "ஹைப்பர்கிளைசீமியா" (hyperglycaemia) என்ற சொல்லைத் தேடுங்கள். இரத்தத்தில் சீனி கூடுதல் என்று அர்த்தம். வீட்டில் ஓ.எல். படிக்கும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துத் தரும்.

கவனம்: மூட்டுவலிக்கும் மூச்சு இழுப்புக்கும் "நாட்டு மருந்து" என்று பெயரில்லாத தூளோ குளிசையோ போடுகிறவர்கள் அதையும் டொக்டரிடம் காட்டுங்கள். அப்படியான பொருட்களில் ஸ்டீரொயிட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தோசப்படுவதற்கு முதல் சந்தேகப்படுங்கள்.

2. மருந்து தொடங்க முதலே ஓர் அளவு எடுத்து வையுங்கள்

எல்லாவற்றிலும் மலிவானதும் எல்லோரும் தவறவிடுவதும் இதுதான். மருந்து தொடங்கி மூன்று மாதத்தில் சீனி 118 என்று வந்தால், அது மருந்தால் வந்ததா, முதலே இருந்ததா என்று எப்படித் தெரியும்? அம்மாவுக்கு எங்களிடம் பழைய ரிப்போர்ட் ஒன்றும் இருக்கவில்லை. இன்றுவரை அந்தக் கேள்விக்கு விடையில்லை.

மில்லிகிராம் கணக்கில் எண்கள் இவைதான். வெறுவயிற்றுச் சீனி 100க்குக் கீழ் என்றால் நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தரம் வந்தால் சீனி வருத்தம். எச்.பி.ஏ.1.சி. என்ற மூன்று மாதச் சராசரிச் சோதனையில் 5.7 சதவீதத்துக்குக் கீழ் நல்லது, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5இலிருந்து சீனி வருத்தம்.

இதோடு நிறையையும் இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். எங்களைப் போன்ற தெற்காசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டினால் ஆபத்துக் கூட. தாய் தகப்பனுக்குச் சீனி, கர்ப்பகாலத்தில் சீனி, எல்லைக்கோட்டு எண், இடுப்பில் சதை: இவற்றில் ஒன்றாவது இருப்பவர்களைத்தான் பெரும்பாலும் மருந்து சீனி வருத்தத்துக்குள் தள்ளுகிறது. ஒன்றும் இல்லாதவர்களுக்கு ஸ்டட்டினால் வரும் ஆபத்து மிகக் குறைவு.

வெறுவயிறு என்றால் குறைந்தது எட்டு மணித்தியாலம். தண்ணீர் குடிக்கலாம். விடிய எழும்பியதும் சீனி போட்ட பிளேன்ரீ குடித்துவிட்டு "ஒண்டும் சாப்பிடேல்லை" என்று சொல்லி இரத்தம் கொடுப்பவர்களை வரிசையில் பார்த்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட் குப்பைக்குத்தான்.

3. எந்த மருந்துக்கு எந்த நேரத்தில் பார்க்க வேண்டும்

இந்தப் பகுதியை மட்டுமாவது ஆறுதலாக வாசியுங்கள். அம்மா விழுந்த குழி இதுதான்.

அம்மா காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 5 மில்லிகிராம் குளிசை எட்டுப் போடுவார். மூன்றாவது கிழமையிலிருந்து இரவில் நாலைந்து தரம் எழும்பிச் சிறுநீர் கழிக்கப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் செம்புத் தண்ணீர் விடிவதற்குள் முடிந்துவிடும். நாங்கள் ஒரு தனியார் லாப்பில் வெறுவயிற்றுச் சீனி பார்த்தோம்: 97. பத்து நாள் கழித்து இன்னொரு தரம்: 101. "சீனி இல்லை, வெயிலுக்குத் தாகம்" என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் நம்பினோம்.

பிறகு கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அம்மா, பின்னேரம் நாலு மணிக்கு ஒருக்காக் குத்திப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். அன்று பின்னேரமே பார்த்தோம். 287.

காரணம் இதுதான். காலையில் போடும் பிரெட்னிசோலோனின் வேகம் மத்தியானத்திலிருந்து இரவுவரைதான். அந்த நேரத்தில் சாப்பிடும் சோற்றின் சீனியை உடம்பால் சமாளிக்க முடியாது. விடியற்காலைக்குள் வேகம் தணிந்துவிடுவதால் வெறுவயிற்று எண் நல்லபிள்ளை மாதிரி நிற்கும். ஆகவே ஸ்டீரொயிட் போடுகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்தோ, இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னரோ பார்க்க வேண்டும். முதல் இரண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் பாருங்கள். 200ஐத் தாண்டினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள்.

எச்.பி.ஏ.1.சி.யும் இங்கே ஏமாற்றும். அது பழைய மூன்று மாதத்தின் சராசரி என்பதால் போன கிழமை தொடங்கிய மருந்தின் வேலை அதில் தெரியாது. இரத்தச்சோகை இருந்தாலும், அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் அந்த எண் பிழைக்கும். இரத்தம் எடுக்க முதலே சொல்லிவிடுங்கள்.

ஸ்டட்டினுக்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை. தொடங்க முதல் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒரு தரம்; எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

ஒலான்சபின், குளோசபின் போடுகிறவர்களுக்கு எண்ணுக்கு முதல் நிறைதான் கதை சொல்லும். தொடங்கும்போது, 4ஆம், 8ஆம், 12ஆம் கிழமைகளில் நிறுத்துப் பாருங்கள். சீனியைத் தொடக்கத்திலும் 12ஆம் கிழமையிலும் பாருங்கள். உடுப்பு இறுகுகிறது, பசி அடங்கவில்லை என்றால் அதையே கிளினிக்கில் சொல்லுங்கள். அரிபிப்ரசோல் போன்ற சீனியை அவ்வளவு தொடாத மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் மாற்றுவதா இல்லையா என்பதை மனநல டொக்டர்தான் சொல்ல வேண்டும். சீனிக்குப் பயந்து வீட்டிலேயே அந்தக் குளிசையை நிறுத்தி, மீண்டும் வருத்தம் முற்றி, வார்டில் கொண்டுபோய் விட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அந்தத் தாய் இப்போதும் அழுகிறார்.

4. குளுக்கோமீற்றர் வாங்குவதற்கு முதல்

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் மெஷினை வாங்கி வைப்பதற்கு முதல் இரண்டு விசயம் பாருங்கள். ஒன்று, அதற்குரிய ஸ்ட்ரிப் யாழ்ப்பாணத்துப் பார்மசிகளில் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் பெட்டி முடிந்த அன்றோடு மெஷின் அலுமாரிக்குப் போய்விடும். இரண்டாவது, அது என்ன அளவில் காட்டுகிறது? கனடாவிலும் லண்டனிலும் மில்லிமோல் கணக்கு. எங்கள் ரிப்போர்ட்டுகளில் மில்லிகிராம். சித்தப்பா கொடுத்த மெஷின் 11.4 என்று காட்டியபோது அம்மா "பதினொண்டுதானே" என்று ஆறுதலாக இருந்தார். 18ஆல் பெருக்கினால் அது 205.

செலவு மெஷினில் இல்லை, ஸ்ட்ரிப்பில்தான். ஆகவே மெஷின் விலையைக் கேட்க முதல் 50 ஸ்ட்ரிப் பெட்டி என்ன விலை என்று கேளுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். எங்கள் வெக்கைக்கு மூடியைத் திறந்து வைத்தால் ஸ்ட்ரிப் பழுதாகிவிடும்.

குத்துவதற்கு முதல் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஒரு நாள் அம்மாவுக்கு 241 காட்டியது. பார்த்தால், பேரப்பிள்ளைக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டிக் கொடுத்த கை. கழுவிவிட்டுப் பார்த்தோம், 163. வீட்டு மெஷினுக்கும் லாப்புக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம்; அதற்காக மெஷினைக் குறை சொல்ல வேண்டாம்.

5. மருந்தின் நன்மையையும் எண்ணில் கேளுங்கள்

அப்பாவின் பிரச்சினைக்கு வருகிறேன். "ஸ்டட்டின் சீனி வருத்தத்தைக் கொண்டுவரும்" என்ற செய்தி பொய்யில்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012இல் அந்த எச்சரிக்கையை மருந்துத் துண்டிலேயே சேர்க்கச் சொன்னது. ஆனால் எவ்வளவு என்பதை அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்லவில்லை.

2010இல் 13 ஆய்வுகளை, 91,140 பேரின் விபரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 255 பேர் நான்கு வருடம் ஸ்டட்டின் போட்டால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சீனி வருத்தம் வருகிறது. கொழும்புக்குப் போகும் பஸ் ஐந்தை நிரப்பிய ஆட்களில் ஒருவர். அதே ஐந்து பஸ் ஆட்களில், கெட்ட கொலஸ்ட்ரோல் 39 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தால், ஐந்து பேரளவில் மாரடைப்பிலிருந்தோ இதய நோயால் வரும் மரணத்திலிருந்தோ தப்புகிறார்கள். பாரிசவாதமும் குறைகிறது. சீனி வருத்தம் வந்த அந்த ஒருவரும் பெரும்பாலும் முதலே எல்லைக்கோட்டில் நின்றவர். மருந்து இல்லாவிட்டாலும் கொஞ்சம் பிந்தி வந்திருக்கக்கூடியவர்.

இந்தக் கணக்கை ஒரு கடதாசியில் எழுதி அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "அப்ப நான் நாலு மாசம் ஏன் விட்டனான்?" என்று மட்டும் கேட்டார்.

ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்தவர்களுக்குத் தராசு மருந்தின் பக்கம் நன்றாகச் சாயும். இதயத்தில் ஒன்றும் இல்லாமல், கொலஸ்ட்ரோல் எண் கொஞ்சம் கூடியதற்காக மட்டும் தொடங்கச் சொன்னால் கணக்கு வேறு. அப்போது "அடுத்த பத்து வருடத்தில் எனக்கு மாரடைப்பு வரும் ஆபத்து எத்தனை வீதம்?" என்று கேளுங்கள். வயது, பிரஷர், புகைத்தல், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் பார்த்து அதைச் சொல்வதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை இருக்கிறது. எங்கள் அரச ஆஸ்பத்திரிகளிலும் அதைப் பாவிக்கிறார்கள்.

6. டொக்டரிடம் கேட்க வேண்டியவை

எழுதிக்கொண்டு போங்கள். வாயால் கேட்கலாம் என்று போனால் அந்த அறைக்குள் எல்லாம் மறந்துபோகும். நான் கொண்டுபோன துண்டில் இருந்தவை:

இந்த மருந்து எனக்கு எதற்கு? போடாவிட்டால் என்ன நடக்கும்?
இது சீனியைக் கூட்டுமா? சீனியை எந்த நேரத்தில், எத்தனை நாளுக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும்?
எந்த எண் வந்தால் திகதிக்கு முதலே வர வேண்டும்?
குறைந்த அளவில் தொடங்கலாமா? சீனியைத் தொடாத வேறு மருந்து இருக்கிறதா?
எவ்வளவு காலம் போட வேண்டும்?

"இன்டர்நெட்டில இப்பிடிக் கிடந்தது டொக்டர்" என்று தொடங்காதீர்கள். "அம்மாவுக்குப் பின்னேரத்தில 287 வந்தது டொக்டர், இந்தக் கொப்பியைப் பாருங்கோ" என்று சொல்லுங்கள். எண்ணைக் காட்டினால் கேட்காத டொக்டரை நான் காணவில்லை.

7. கடதாசிகளும் செலவும் நேரமும்

ஒரு பிளாஸ்ரிக் கோப்பில் இவை எப்போதும் இருக்கட்டும்: கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, வார்டில் இருந்திருந்தால் வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட், பழைய இரத்த ரிப்போர்ட்டுகள் திகதி வரிசைப்படி, பிரைவேட்டில் காட்டிய சிட்டைகள், வீட்டுச் சீனி எண்கள் எழுதிய தாள். குளிசை உறைகளையும் ஒரு பையில் போடுங்கள். இரண்டு இடத்தில் காட்டுகிறவர்கள் இரண்டு இடத்துச் சிட்டையையும் இரண்டு இடத்திலும் காட்ட வேண்டும். ஒரே மருந்து இரண்டு கொம்பனிப் பெயரில் இரட்டிப்பாகப் போன வீடுகளும் உண்டு.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் கிளினிக்கும் சோதனையும் மருந்தும் இலவசம். செலவு வருவது நேரத்தில். நாங்கள் விடிய ஆறு மணிக்கே போய் நம்பர் எடுத்தும் வீடு வர மத்தியானம் தாண்டியது. வெறுவயிற்றுச் சோதனை இருக்கும் நாளில் காலைச் சீனிக் குளிசையை வீட்டில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிசையையும் இரண்டு இடியப்பத்தையும் கட்டிக் கொண்டுபோய், இரத்தம் கொடுத்தவுடன் சாப்பிட்டுப் போடுங்கள்.

சில வேளை ஒரு மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு தருவார்கள். பார்மசியில் மருந்தின் உண்மைப் பெயரைச் சொல்லி, அதே மருந்தில் விலை குறைந்தது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே மருந்துக்குக் கொம்பனிக்குக் கொம்பனி விலை நன்றாக மாறும். பிரைவேட்டில் சனல் பண்ணினால் (டொக்டரிடம் நேரம் பதிந்தால்) டொக்டரின் காசு வேறு, இடத்தின் காசு வேறு. இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். வெறுவயிற்றுச் சீனி மலிவு. எச்.பி.ஏ.1.சி. அதைவிடப் பல மடங்கு. மூன்று மாதத்துக்குள் அதைத் திருப்பிச் செய்வது காசை வீணாக்குவது.

8. மருந்தைக் குறைக்கும்போது இன்னும் கவனம்

ஸ்டீரொயிட்டை மூன்று கிழமைக்கு மேல் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட் அதற்குள் படுத்திருக்கும். திடீரென்று விட்டால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். டொக்டர் எழுதித் தரும் படிப்படியான அளவை அப்படியே பின்பற்றுங்கள்.

எங்களுக்கு நடந்தது இதன் மறுபக்கம். அம்மாவின் பிரெட்னிசோலோன் 40இலிருந்து 10க்கு இறங்கிவிட்டது. ஆனால் 40இல் இருந்தபோது தொடங்கிய சீனிக் குளிசையின் அளவு மாறவில்லை. ஒரு நாள் விடிய ஐந்து மணிக்கு அம்மா கட்டிலில் இருந்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. குத்திப் பார்த்தேன், 58. மூன்று தேக்கரண்டி சீனியைச் சுடாத தண்ணீரில் கரைத்துப் பருக்கினேன். பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்க்க 84. பிறகு பாணும் வாழைப்பழமும் கொடுத்தேன். ஸ்டீரொயிட் ஒவ்வொரு தரம் குறையும்போதும் "சீனிக் குளிசையையும் குறைக்க வேணுமோ டொக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒருவர் தோலைப் பார்க்கிறார், இன்னொருவர் சீனியைப் பார்க்கிறார். நீங்கள்தான் நடுவில் செய்தி கொண்டுபோகிற ஆள்.

9. மருந்தோடு சேர்த்துச் செய்யக்கூடியது

எல்லைக்கோட்டில் நிற்பவர்களைப் பற்றி 2002இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், நிறையில் 7 சதவீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு முயன்றவர்களுக்குச் சீனி வருத்தம் வருவது 58 சதவீதம் குறைந்தது. ஸ்டட்டினால் வரும் அந்தச் சிறு கூடுதலோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிது. அப்பா இப்போது பின்னேரத்தில் அரை மணித்தியாலம் நடக்கிறார். இரவுப் பிட்டை அரைவாசியாக்கி முருங்கையிலை வறையைக் கூட்டியிருக்கிறோம். ஆனால் நடக்கிறேன் என்பதற்காக ஸ்டட்டினை விடக் கூடாது.

10. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்

சீனி 300க்கு மேல் நின்று, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகம், தூங்கி வழிதல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். சீனி குறைந்து ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் பருக்காதீர்கள், புரைக்கேறும். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வீட்டுக்கு அடையாளமாகக் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ சொல்லுங்கள், ஒழுங்கைப் பெயர் மட்டும் சொன்னால் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பிளாஸ்ரிக் கோப்பையும் குளிசைப் பையையும் கையோடு எடுங்கள். எங்கள் வீட்டில் அவை இரண்டும் முன்வாசல் ஆணியில் தொங்குகின்றன.